ஊருக்குப் பத்து துலுக்கானம்

என் அண்ணன் ஜம்புலிங்கம் கதை எழுதுகிறவர். நெமிலிச்சேரியைச் சுற்றி அந்தக் காலத்தில் கதை எழுதுகிறவர் என்று வேறு யாரும் இருந்ததில்லை. ஏர் ஓட்டுகிறவனுக்கும் எருமை மேய்க்கிறவனுக்கும் அவரை எதில் சேர்ப்பது என்று தெரியாது. காட்டிக்கொடுத்தவன் என்று கடைசியில் ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது பொய். அவர் செய்தது வேறு. சம்பந்தப்பட்டவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் வாயை மூட இனி யாருக்கும் உரிமை கிடையாது.

அண்ணனுக்குச் சின்ன வயதில் தவளை என்று பேர். வைத்தவன் பரந்தாமன், மணியக்காரர் மகன். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் மணலில் எழுதிப் படித்தவர்கள். மழைக்காலம் வந்தால் ஏரிக்கரையில் பரந்தாமன் ஒரு தவளைக் குஞ்சைப் பிடிப்பான். அண்ணன் வாயைத் திறந்து அதைப் போட்டு, உதட்டை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வான். உள்ளே அது குதிக்கும்போது கன்னம் எழும்பி எழும்பி அடங்கும். பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். துப்பினால் இன்னொரு தவளை.

எங்கள் அப்பாவிடம் போய் அழுதார். அப்பா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "மணியக்காரரு ஊட்டுப் புள்ள வெளையாடுது. நீ இன்னாத்துக்குடா அழுவுறே?"

கல்யாணப் பந்தலில் தாலி கட்டும் நேரத்தில் பின்னாலிருந்து எவனோ தவளை போலக் கத்தினான். பெண் வீட்டாரே சிரித்துவிட்டார்கள். அண்ணி பாவம், தலையை நிமிர்த்தவே இல்லை. அவளும் தலைப் பிரசவத்தில் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணன் பட்டணம் போய் அச்சாபீஸில் எழுத்துக் கோக்கிற வேலை பார்த்தார். யார் யாரோ எழுதிய கதைகளை எழுத்து எழுத்தாகப் பொறுக்கி வைத்தவருக்கு, நாமே எழுதினால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அச்சாபீஸை மூடியதும் ஊருக்கே திரும்பி வந்தார். நானும் அப்போது புருஷனைப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு பிறந்த வீடு வந்திருந்தேன். பகலில் நிலத்து வேலை. வெயில் சாய்ந்ததும் மாட்டுக்கொட்டகையில் முறத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காகிதம் வைத்து எழுதுவார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. அதனால் எழுதுவதற்கு முன்னால் 'தாச்சி' என்று கூப்பிட்டு எனக்குத்தான் சொல்லிப் பார்ப்பார். எனக்குப் பிடிக்காவிட்டால் விடமாட்டேன்.

"அந்த வண்டிக்காரன சாவடிக்காத, அண்ணா. அவனுக்கு ரெண்டு புள்ளைங்க கீது."

"அந்தப் புள்ளைங்களையும் நான்தான் குடுத்தேன், தாச்சி."

"குடுத்துட்டுப் புடுங்குவியா? சாமி மாரி ஆட்டம் ஆடறியே!"

சிரிப்பார். ஆனால் வண்டிக்காரனைக் கொன்றுவிடுவார். ஏன் இதெல்லாம் எழுதுகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன். "அடிச்சவன் மறந்துடறான். அடி வாங்கினவன் மறந்துட்டா மாரி இருந்துக்கறான். இவுங்களுக்கு நடுவுல மறக்காதவன் ஒருத்தன் வேணும், தாச்சி. நான் எழுதறது பொய்தான். ஆனா, கட்டறப்போ எனுக்கு வலிச்சாத்தான் அத்த வெளில வுடுவேன்" என்றார்.

பரந்தாமன் அப்பன் செத்தபிறகு அவனே மணியக்காரன் ஆனான். வெள்ளைக்காரன் காலத்தில் மணியக்காரன் என்றால் ஊருக்குள் அவன்தான் போலீஸ், அவன்தான் கோர்ட். அவன் வழக்குக் கேட்கிற சாவடிக்குப் பின்புறம் பழைய தொழுக்கட்டை ஒன்று கிடந்தது. துளைக்குள் ஆளின் காலை மாட்டி மேல்கட்டையைப் பூட்டிவிடுவார்கள். எங்களவர்களை அதில் போட்டதில்லை. சேரிக்காரர்களுக்கென்று இருந்த கட்டை அது. கறையான் ஏறிக் கிடந்த அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அந்தக் கதை வந்தது.

கதை இவ்வளவுதான். ஒரு கூலிக்காரி மடியில் ஒரு பிடி வேர்க்கடலையோடு பிடிபடுகிறாள். கட்டையில் காலை மாட்டி வெயிலில் உட்கார வைக்கிறார்கள். அவள் குழந்தையை எட்டாத தூரத்தில் புளியமரத்தடியில் போட்டிருக்கிறார்கள். அது அழ அழ இவளுக்குப் பால் சுரந்து மாராப்பு நனைகிறது. சாயங்காலம் குழந்தை அழுவதை நிறுத்திவிடுகிறது. கட்டையை அவிழ்க்க வந்தவன், "தூங்கிடிச்சி பாரு" என்கிறான்.

கேட்டுவிட்டு நான் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. மாராப்பு நனைந்தது என்னுடையது. களையெடுக்கும்போது வரப்பில் என் குழந்தை அழுததையும், நான் முந்தானையைப் பிழிந்துகொண்டு ஓடியதையும் அண்ணன் பார்த்திருக்கிறார். மற்றதெல்லாம் அவரே கட்டியது.

பட்டணத்துப் பத்திரிகை ஒன்றில் அது அச்சில் வந்தது. ஊர் பேரும் இல்லை, மணியக்காரன் பேரும் இல்லை. வேறு சமயமாக இருந்திருந்தால் மாடு தின்றிருக்கும் அந்தக் காகிதத்தை. ஆனால் ஜில்லா போர்டு எலெக்‌ஷன் வந்திருந்தது. வரி கட்டுகிறவனுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலம். பரந்தாமன் நின்றான். எதிரில் நின்ற திருவள்ளூர் வக்கீலின் ஆட்கள் அந்தப் பத்திரிகையை வாங்கித் திருநின்றவூர் ஸ்டேஷன் வாசலில் உரக்கப் படித்தார்கள். இது எந்த ஊர் மணியக்காரன் என்று கூட்டம் கேட்டது. கேட்டவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பரந்தாமன் மட்டும் வண்டி கட்டிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

கூட வந்த அவனுடைய ஏவலாட்கள், தலையாரிகள், பேசிக்கொண்டதிலிருந்துதான் எங்களுக்கு விளங்கியது. அண்ணன் பட்டணத்தில் இருந்த வருஷங்களில் ஒரு நாள் அது அப்படியே நடந்திருக்கிறது. பிடி கடலை, கட்டை, குழந்தை எல்லாம். அந்தப் பெண் பூந்தமல்லிப் பக்கம் எங்கோ போய்விட்டாள். சேரி பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கட்டினவருக்குத் தெரியாமலே கதை உண்மையாகிக் கிடந்தது.

அண்ணனைச் சாவடிக்குக் கூட்டிப்போனார்கள். நானும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். போகாதே என்று நாலு பேர் சொன்னார்கள். நான் கேட்கிறவளா?

பரந்தாமன் வெற்றிலை மடித்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தான். "வா தவள. எவன் சொன்னான் உனுக்கு?"

"யாரும் சொல்லல. நானே கட்டினது."

"நீயே கட்டினே? மாராப்பு நனைஞ்சிதுன்னு எழுதிகீறியே, அதுவுமா?"

"அது என் மாராப்பு!" என்று வாசலிலிருந்து கத்தினேன். "என் ஊட்டுக் கதைய எழுதிகீறாரு. அதுக்கு உனுக்கு இன்னா?"

சாவடி முழுக்கச் சிரிப்பு. "இவ மாராப்பாம்பா!" என்றான் ஒருத்தன். இன்னொருத்தன் பிழிந்து காட்டச் சொன்னான். பரந்தாமன் சிரிக்கவில்லை. தலையாரிகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். எங்களவர் ஒருவருடைய கால் அந்தக் கட்டையில் போனது அதுதான் முதல் தடவை.

உச்சி வெயில். கறையான் கட்டையில் கட்டெறும்பும் இருந்தது. முழங்கால் வரைக்கும் ஏறியது. தட்டிவிடக் கூடாது என்று கையைப் பின்னால் கட்டியிருந்தார்கள். பரந்தாமன் பக்கத்தில் குந்திக்கொண்டு பொறுமையாகப் பேசினான். "எனுக்கு உன் மேல கோவம் இல்லடா. ஒரு பேரு குடுத்துட்டு ஊட்டுக்குப் போ. இவ்ளோ கதை கட்டறவன், ஒரு பேரு உன் வாயில வரலையா?"

பொழுது சாயும்போது அண்ணன் ஒரு பேரைச் சொன்னார். "துலுக்கானம்."

ஏன் அந்தப் பேர் என்று பிறகு என்னிடம் சொன்னார். எங்கள் பக்கத்தில் துலுக்கானத்தம்மனுக்கு நேர்ந்துகொண்டு பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அந்தப் பேர்தான். தெருவில் நின்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள். ஊரிலும் துலுக்கானம், சேரியிலும் துலுக்கானம், முத்தாபுதுப்பேட்டையில் துலுக்கானம், குத்தம்பாக்கத்தில் துலுக்கானம். பத்துப் பேருக்கு இருக்கும் பேர் ஒருத்தனுடையதாக ஆகாது, எந்தத் துலுக்கானம் என்று தேடித் தேடி ஓய்ந்துபோவான் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கதை எழுதுகிற மூளை!

"எந்தத் துலுக்கானம்?" என்று பரந்தாமன் கேட்டான்.

"தெரியாது."

"போதும். நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டான்.

அவன் தேடவில்லை. தனக்கு எந்தத் துலுக்கானம் வேண்டுமோ அவனை எடுத்துக்கொண்டான். சேரியில் பொன்னியம்மா புருஷன் துலுக்கானம். கூலி நெல் அளக்கும்போது அளவு குறையாமல் இருக்க மரக்காலைக் குலுக்கி அளக்கச் சொன்னவன். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். மறுநாள் காலையில் அவன் குடிசைக் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். வலது கையைச் சாவடிப் படியில் வைத்து ஒரு தலையாரி குதிகாலால் மிதித்தான். விரல் விரலாக மிதித்தான். "சொன்னது வாயிதான். வாய ஒடச்சா நாளைக்கு மன்னிப்பு கேக்க முடியாது. அதான் கை" என்று பரந்தாமன் எல்லாருக்கும் விளக்கம் சொன்னான். அதற்கும் சிரித்தார்கள்.

அண்ணன் வீங்கிய காலோடு பரந்தாமன் வீட்டுக்கு நொண்டிக்கொண்டே போனார். "அவன் இல்ல. அந்தப் பேரும் நான் கட்டினதுதான்" என்றார்.

"தெரியும்டா. நேத்தே தெரியும்" என்றான் பரந்தாமன். "இன்னிக்கி இல்லன்னா நாளைக்கி என் பேரு வெளில வரும். கூட்டத்துல காட்றதுக்கு ஒரு ஆள் வேணும். திருட்டுப் பய பொய் கெளப்பினான், புடிச்சிட்டேன்னு சொல்லணும். நானா ஒருத்தன இஸ்துகினு வந்தா ஊரு பேசும். நீ பேரு குடுத்தே. கதை எழுதினவனே பேரு குடுத்தான்னு ஆச்சி."

அண்ணன் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "சேரிக்குப் போறேன், தாச்சி. எல்லாரையும் கூப்ட்டு வெச்சி நான் கட்டின பேருன்னு சொல்லிடறேன்" என்றார். நானும் கூடப் போனேன். எங்களவர்கள் சேரி எல்லையில் நின்று கூப்பிடுவதுதான் வழக்கம். அன்றைக்கு உள்ளே போனோம்.

துலுக்கானம் பிரித்த கூரைக்குப் பக்கத்தில், வேப்பமர நிழலில் கிடந்தான். கையில் மஞ்சளும் இலையும் வைத்துக் கட்டியிருந்தது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், அவனைச் சுற்றி இருந்த சட்டிகள். வீட்டுக்கு வீடு கூழ் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வயதான ஒருவர் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் எழுந்து காறித் துப்பிவிட்டு நகர்ந்தார்.

அண்ணன் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எறும்பு, வலி, பத்துப் பேருக்கு இருக்கும் பேர், எல்லாம். "ஊரக் கூப்ட்டு சொல்லிடறேன் துலுக்கானம். நீ ஒண்ணும் சொல்லலன்னு."

துலுக்கானம் கட்டுப் போட்ட கையை மார்மேல் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகப் பேசினான். நான் பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"வாணாம் ஆண்டே."

"ஏன்?"

"நான் சொல்லலன்னா, சும்மா அடி வாங்கினவன். நாயி மாரி. சொன்னேன்னு இருந்தா, சொல்லிட்டு அடி வாங்கினவன். அந்தப் புள்ள செத்த அன்னிக்கு இங்க ஒருத்தனும் வாயத் தொறக்கல. நானும் தொறக்கல. இப்போ தொறந்தவன் நானுன்னு கூழு கொண்டாந்து வெக்கறாங்க. கை பூட்ச்சி. இத்தயும் வாங்கிகினு போவாத."

"அப்ப என்னை?"

"உன்னத் துப்புவாங்க" என்றான் துலுக்கானம். "துப்பட்டும்."

"உன் பொண்டாட்டிகிட்டயாச்சும்..."

"அவளுக்கும் வாணாம்."

அந்த நேரம் பார்த்துப் பொன்னியம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். எங்களைப் பார்த்ததும் குடத்தை இறக்கினாள். "ஒரு எறும்பு கடிச்சதுக்கு எம் புருசன வித்துட்டியேடா! உன் கை அழுவிப் போவ!" என்று கத்தி, அண்ணன் முகத்தில் துப்பினாள். சேரியே பார்த்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். துலுக்கானம் மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். துடைத்துக்கொள்ளாமலே அண்ணன் எழுந்து நடந்தார்.

எலெக்‌ஷனில் பரந்தாமன் ஜெயித்தான். மாலையோடு எங்கள் வாசல் வழியாகத்தான் போனான்.

அண்ணன் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கதையிலும் ஆளுக்குப் பேர் வைக்கவில்லை. ஒருத்தி, ஒருத்தன், அந்தக் கிழவர், அவ்வளவுதான். படிக்கிறவர்களுக்குக் குழப்பமாக இருக்கிறது என்று பத்திரிகைக்காரர் சொல்லி அனுப்பினார். நானும் சண்டை போட்டேன். "பேரு இல்லாதவன நான் எப்பிடி அழுவறது?" என்று கேட்டேன். "அழுவாத" என்றார்.

வெள்ளைக்காரன் போவதற்கு முந்தின வருஷம் மாசியில் அவர் செத்தார். சாவுக்குப் பறை அடிக்கச் சேரிக்கு ஆள் அனுப்பினோம். எந்தச் சாவுக்கும் வருகிறவர்கள் காட்டிக்கொடுத்தவன் சாவுக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பரந்தாமன் அப்பனுக்கே மூன்று நாள் அடித்தவர்கள்.

பொம்பளைகள் தெருக்கோடி வரைக்கும்தான் பாடையோடு போகலாம். அங்கே வயலுக்கு அந்தப் பக்கம் சேரி ஜனம் நின்று பார்த்தது. எல்லாருக்கும் முன்னால் துலுக்கானம். வலது கையை அக்குளில் செருகி நின்றான். நான் வரப்பில் இறங்கி அவனிடம் போனேன்.

"இப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லு, துலுக்கானம். செத்துட்டாரு. பறையாச்சும் அடிக்கட்டும்."

அவன் என்னைப் பார்த்தான். கண் கலங்கித்தான் இருந்தது, நான் பொய் சொல்லமாட்டேன். "எம் பையனுக்குப் பொண்ணு பேசிகினு கீறோம்மா" என்றான். "சொன்னவன் புள்ளன்னுதான் குடுக்கறாங்க."

நான் திரும்பி வந்தேன். பாடை கிளம்பியது. நாலு பேர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது.