நடக்காத முகாமின் போட்டோ

இந்த நாட்டில் வண்டி அழுக்காக இருந்தால் போலீஸ்காரர் நிறுத்திக் கேட்பார். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. நம் மலையில் மழைக்காலத்தில் வண்டியின் நிறமே வெளியே தெரியாது, மண் தானாகக் காய்ந்து தானாக விழுந்தால்தான் உண்டு. மஸ்கட்டுக்கு வந்த இரண்டாவது வாரம், ஜபல் மேலே இருக்கிற ஓட்டலுக்குக் காய்கறி இறக்கிவிட்டுப் பிக்கப்போடு நகரத்துக்குள் நுழைந்தேன். போலீஸ்காரர் கை காட்டினார். வண்டிக் கதவில் விரலால் ஒரு கோடு இழுத்து, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "வேர் ஃப்ரம்?" என்றார். நான் பணிவாக, "இந்தியா சார், நாமக்கல் டிஸ்ட்ரிக்ட், கொல்லி ஹில்ஸ்" என்றேன். அவர் விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இந்த மண் அவ்வளவு தூரத்திலிருந்தா வந்தது என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துவிட்டு, கழுவச் சொல்லிச் சைகை காட்டி அனுப்பினார். அன்றிலிருந்து காலையில் வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கிறேன். இங்கே மலைக்கு ஜபல் என்று பெயர். மரமே இல்லாத மலை, வெறும் கல். எழுபது கொண்டை ஊசி வளைவில் லாரி ஓட்டியவன் என்று சொன்னதும்தான் என் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தார்.

கோகிலா, முருகேசா, என் பிள்ளைகளான உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே இருக்கிற நம்மவர்களும், இனிமேல் வரப்போகிற நம் மலைப் பிள்ளைகளும் படித்தாலும் நல்லதுதான். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் கோகிலா திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

கோகிலா பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழகத்துப் பட்டதாரிகள் சங்கத்துக்கு ஒரு ஃபாரம் நிரப்பிக் கொடுத்தாள். அதில் வெளிநாட்டு நம்பருக்கு ஒரு கட்டம் இருந்ததாம். காலியாக விட மனசில்லாமல் என் நம்பரை எழுதிவிட்டாள். சங்கத்துக்கு மஸ்கட்டில் ஒரு கிளை இருந்தது. அவர்களுடைய செய்திமடல் மாதாமாதம் என் வாட்ஸப்புக்கு வர ஆரம்பித்தது. யாருக்கு வேலை உயர்ந்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று முதல் பக்கத்தில் 'நம்மவர் செய்திகள்'. கடைசிப் பக்கத்தில் 'வரவிருக்கும் நிகழ்வுகள்'. வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு எழுத்து விடாமல் படிப்பேன். ஒரு மாதம், 'பட்டதாரிகள் அனைவரும் தவறாமல் வருக' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். நம் ஊரில் கூட்டம் என்று சொல்லிவிட்டால் ஊட்டுக்கு ஒரு ஆள் போயாக வேண்டும். ரோட்டில் மரம் விழுந்தாலும் சரி, கோயில் காரியமானாலும் சரி, அதுதான் முறை. புருஷன் இல்லை என்றால் பெண்சாதி, மகள் இல்லை என்றால் அப்பன். யார் வந்தாலும் அந்த வீடு வந்ததாக அர்த்தம். கோகிலா மலையில் இருக்கிறாள், மஸ்கட்டில் இருப்பது நான். நான் போகாவிட்டால் நம் வீடு போகாததாகத்தானே ஆகும்? வெள்ளிக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்விட்டேன்.

வாசலில் மேஜை போட்டுப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த பேட்ச்ங்க?"

"நான் படிக்கலீங்க. எம் பொண்ணு படிச்சா, பாட்டனி. அவ ஊர்ல இருக்கறா. ஊட்டுக்கு ஒரு ஆளுன்னு நான் வந்தனுங்க."

மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். செயலாளர் பாஸ்கரன், ராசிபுரத்துக்காரர், எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "அட, இத்தன வருசத்துல இப்படி ஒரு ஆளு வந்ததே இல்லீங்கண்ணே. உள்ள வாங்க" என்று சொல்லி, கோகிலாவின் பெயரையே ஓர் அட்டையில் எழுதி என் சட்டையில் குத்திவிட்டார். 'கோகிலவாணி, தாவரவியல்.' அன்றைக்கு முழுக்க, "ஏனுங்க கோகிலவாணி, சாப்டீங்களா?" "கோகிலவாணிக்கு இன்னொரு வடை வைங்கப்பா" என்று ஒரே சிரிப்பு. எனக்கு வருத்தம் இல்லை. அத்தனை படித்தவர்கள் வாயால் நம் வீட்டுப் பெயரைக் கேட்டேனே.

அப்புறம் இரண்டு வருஷம் ஒரு நிகழ்ச்சி விடாமல் போனேன். நாற்காலி போடுவேன், தண்ணீர் கேன் இறக்குவேன், பேனர் கட்டுவேன். கோயில் வேலைக்குப் போகிற மாதிரிதான் நினைத்தேன். ஒரு சமயம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, பாஸ்கரன் வீட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து அறையில் உட்கார்ந்து குடிக்க வைத்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் நான் இத்தனை பக்கம் எழுத வேண்டியதும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பூங்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோகிலா ஒரு வருஷம் வீட்டில் இருந்த கதையை அவரிடம் சொன்னேன். பிளஸ் டூ முடித்ததும் எந்தச் சான்றிதழ் வேண்டும், என்றைக்குக் கடைசி நாள் என்று நமக்குச் சொல்ல ஆள் இல்லை. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு மலை இறங்கிக் கல்லூரிக்குப் போனால், சேர்க்கை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த வருஷம் அவள் மிளகு பறித்தாள். கேட்டுக்கொண்டிருந்த பாஸ்கரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனி உங்க மலையில ஒரு புள்ளைக்கும் இப்படி ஆகக் கூடாதுண்ணே" என்றார். சொன்னபடி அடுத்த மடலின் கடைசிப் பக்கத்தில் வந்தது: 'கொல்லிமலையில் உயர்கல்வி வழிகாட்டி முகாம். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் உறுப்பினர்கள் ஒரு நாள் முழுவதும் மலைப் பிள்ளைகளோடு இருந்து, படிப்பு, கல்லூரி, சான்றிதழ் எல்லாவற்றையும் விளக்கி, விண்ணப்பம் நிரப்ப உதவுவார்கள்.' அதைப் படித்துவிட்டு நான் ஊர்க்கவுண்டருக்கு போன் போட்டேன்.

"சாமி, வருவாங்கன்னு நீ சொல்றியா, அவுங்க சொல்றாங்களா?" என்று அவர் கேட்டார்.

"நான் சொல்றனுங்க."

"அப்பச் செரி. உம் பேச்ச நம்பி மூணு நாட்டுக்கும் சொல்லி உட்டுர்றேன்."

வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, குண்டனி நாடு என்று மலை ஊர்கள் சேர்ந்த மூன்று நாட்டுக்கும், அப்போது டீச்சராகியிருந்த கோகிலா ஸ்கூட்டியில் அலைந்து பிள்ளைகளின் பெயர் எழுதினாள். ஊட்டுக்கு ஒரு ஆள் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் புல் செதுக்கினார்கள். வருகிறவர்களுக்குச் சாமைச் சோறும் கிழங்கும் ஆக்கினார்கள். அந்தச் சனிக்கிழமை நான் ஜபல் ரோட்டில் இருந்தேன். ஊரில் பதினொரு மணி என்றால் இங்கே ஒன்பதரை. கோகிலா ஒரு போட்டோ அனுப்பினாள். பிள்ளைகள் பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் கவர். 'அப்பா, எல்லாரும் வந்தாச்சு. அவங்க எங்க வாராங்கன்னு கேளுங்க.' லீவில் ஊருக்குப் போய், அந்தக் கூட்டத்தோடு மலைக்கு வந்துகொண்டிருந்த பாஸ்கரனுக்கு அதே போட்டோவை அனுப்பி, 'சார், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்' என்று எழுதினேன். கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது. போன் போட்டேன். "சோளக்காடு தாண்டியாச்சுண்ணே, அரை மணி நேரம்" என்றார். அப்புறம் எடுக்கவில்லை.

நான் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு, போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக நடந்துகொண்டிருந்தேன். கழுதையோடு வந்த ஓர் ஓமானிப் பெரியவர் என்னைப் பார்த்து நின்றார். வண்டி பழுது என்று நினைத்துவிட்டார். நான் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, பானெட்டைத் திறந்து தன் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, என் கையில் நாலு பேரீச்சம்பழத்தையும் வைத்துவிட்டுப் போனார். என் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது, என் ஊருக்குத்தான் வண்டி வந்து சேரவில்லை என்று அரபியில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சாயந்திரம் சங்கத்துக்காரர்களின் ஸ்டேட்டஸ்களைப் பார்த்தேன். நம் மலை அருவியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். லாட்ஜ் புல்வெளியில் கேக் வெட்டுகிறார்கள். பிள்ளைகள் பசியோடு போகக் கூடாதென்று, ஆக்கிய சோற்றை ஊர்க்காரர்கள் அவர்களுக்கே போட்டு அனுப்பியதாகக் கோகிலா சொன்னாள்.

சரி, ஏதோ முடியாமல் போயிற்று, மன்னிப்புக் கேட்பார்கள் என்று இருந்தேன். அடுத்த மடல் வந்தது. முதல் பக்கம்: 'கொல்லிமலை முகாம் சிறப்பாக நடைபெற்றது. மூன்று நாட்டு மாணவர்களும் ஆர்வத்துடன் பங்கேற்றுப் பயனடைந்தனர். ஒருங்கிணைத்த கோகிலவாணிக்குச் சங்கத்தின் நன்றி.' கீழே போட்டோ. கோகிலா எடுத்தது. வண்டி எங்கே என்று கேட்பதற்காக நான் அனுப்பியது.

அன்றைக்கே கோகிலா கூப்பிட்டாள். "அப்பா, அந்தப் போட்டோவ எதுக்குக் குடுத்தீங்க?"

"கேக்கறதுக்கு அனுப்புனேன் சாமி. போடறதுக்கு இல்ல."

"எம் பேரையும் போட்டுருக்குது. நானும் சேந்து பொய் சொன்ன மாதிரி ஆயிருச்சு." அதற்கப்புறம் கொஞ்ச நாள் நான் பேசினால் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவாள். முருகேசன்தான் நடுவில் தூது.

வழக்கம்போலக் கோகிலாவின் பெயர் அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு கிளையின் பொதுக்குழுவுக்குப் போனேன். செய்திகள் வாசித்து முடித்ததும் எழுந்து, முகாம் நடக்கவில்லையே என்று கேட்டேன். பாஸ்கரன் மெதுவாகத்தான் பேசினார். "அண்ணே, கொண்டை ஊசில குழந்தைங்க எல்லாம் வாந்தி. லேடீஸ் முடியலைன்னுட்டாங்க. என்ன பண்ணச் சொல்றீங்க?"

"வர முடியலைன்னே போட்டிருக்கலாமுங்களே சார்."

"தலைமைச் சங்கத்துக்கு ரிப்போர்ட் போகணும். அடுத்த வருசம் எப்படியும் நடத்தத்தான் போறோம். கொஞ்சம் முன்னாடியே எழுதிட்டோம்னு வெச்சுக்குங்களேன்." எல்லோரும் சிரித்தார்கள்.

"நடக்கலைன்னு ஒரே ஒரு வரி போடுங்க சார். அது போதுமுங்க."

பின் வரிசையிலிருந்து ஒருவர், "செயலாளரே, பொதுக்குழுவுல உறுப்பினர்தான பேசலாம்? இவரு எந்த பேட்ச்?" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் பாஸ்கரனைப் பார்த்தேன். என் சட்டையில் அந்த அட்டையைக் குத்திவிட்டவர் அவர்தான். அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "விதிப்படி பாத்தா அப்படித்தாண்ணே" என்றார். அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வரலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் அது கோகிலாவின் பெயர், அவள் உறுப்பினர். அவள் பெயரை நான் எப்படி அங்கே விட்டுவிட்டு வருவது? சட்டையில் குத்தியபடியே வெளியே வந்தேன். பழக்க தோஷம், வாசலில் கிடந்த இரண்டு நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

லீவில் ஊருக்கு வந்ததும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றேன். "வருவாங்கன்னு சொன்னது நானுங்க. வரல. தப்பு என்னுதுங்க." ஊர்க்கவுண்டர், "செரி, உக்காரு" என்றார். அங்கே பேசுவதற்கு என்னை யாரும் எந்த பேட்ச் என்று கேட்கவில்லை. கோகிலா மட்டும் வீட்டில் வைத்துக் கேட்டாள். "அங்க எந்திரிச்சுக் கேட்டீங்களாப்பா?" கேட்டேன் என்றேன். "என்ன சொன்னாங்க?" "பாக்கலாம்னாங்க கண்ணு" என்று சொல்லி முடித்துவிட்டேன். உறுப்பினர் இல்லை என்று உட்கார வைத்ததை உன்னிடம் அன்றைக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை கோகிலா. இப்போது எழுதிவிட்டேன். அவர்களுடைய பொய் எழுத்தில் இருக்கிறது. நடந்ததும் ஒரு இடத்திலாவது எழுத்தில் இருக்கட்டும்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்லவில்லை. லீவு முடிந்து கிளம்பிய அன்று, முருகேசன் என்னைச் செம்மேட்டில் இறக்கிவிட்டுப் போனபின், பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா மகளோடு என்னிடம் வந்தார். குண்டனி நாடாம்.

"ஏனுங்ண்ணா, சங்கத்துக்காரரு நீங்கதானுங்க? கோகிலா டீச்சரோட அப்பா?"

"கோகிலா அப்பாதானுங்க" என்றேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கண்ணா. அன்னைக்கு எங்க பஸ்சு லேட்டு, வந்து சேரவே உச்சியாயிருச்சு. மூணு மணி பஸ்ஸ உட்டா வேற இல்லீன்னு நாந்தான் புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டேன். அதுக்கப்பறம் வந்து எல்லாத்துக்கும் சொல்லிக் குடுத்தாங்களாமே. அவசரப்பட்டுட்டியேன்னு இவ இன்னும் என்னையத்தான் திட்டறா."

"யாரும் வரலீங்கம்மா. நீங்க போன பொறவும் வரல."

"அட போங்கண்ணா, எம் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு சொல்றீங்க." அவர் போனை எடுத்துக் காட்டினார். யாரோ அனுப்பிய செய்திமடல் போட்டோ. இரண்டு விரலால் பெரிதாக்கினார். "எல்லாப் புள்ளைகளும் எப்படிக் கவனமா கேக்குதுங்க பாருங்க. இதுல எம் புள்ள மட்டும்தான் இல்ல."

நான் அந்தப் போட்டோவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஒரு பிள்ளைகூட போட்டோ எடுப்பவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். தெரியாதவர்களுக்கு அங்கே யாரோ நின்று பாடம் சொல்வதுபோல இருக்கும். நான் படித்த பள்ளிக்கூடம், எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் இருப்பது ரோடு.

"அவுங்க யாரையும் பாக்கலீங்கம்மா. வண்டி வருதான்னு ரோட்டப் பாக்கறாங்க" என்றேன். அதற்குள் நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். அந்த அம்மா காதில் விழுந்ததோ இல்லையோ, "அடுத்த தடவ எப்பன்னு சொல்லி உடுங்கண்ணா, மொத ஆளா வந்தர்றோம்" என்றார். சங்கத்தின் ஆள் இல்லை என்று அங்கே என்னைப் பேச விடவில்லை. சங்கத்தின் ஆள் என்று நினைத்ததால் இங்கே நான் சொன்னதை நம்பவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மாவும் மகளும் பஸ் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள், யாரையோ கூட்டி வருவதற்காக நான் மலை இறங்குகிற மாதிரி.