மாப்பிள்ளை அனுப்பிய பிரஷ்

ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷினால் என் ராத்தாவின், அதாவது அக்காவின், கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், நான் கதை கட்டுகிறேன் என்கிறார்கள். அவர்கள் வீட்டுக் குளியலறையில் ஆளுக்கொரு நிறத்தில் பிரஷ்கள் ஒரு கோப்பைக்குள் நிற்கின்றன. அது எங்கிருந்து வந்தது, எதனால் செய்தது என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் காலம் அப்படி இருக்கவில்லை. வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்த கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் எங்கள் வீடு இருந்தது. வாப்பாவுக்குப் புறக்கோட்டையில் குடைக்கடை. மழைக்காலத்தில் அவரைக் காண்பது அரிது. வெயில் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து மழையை எதிர்பார்ப்பார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் ஒரு மிஸ்வாக்குக் குச்சி இருக்கும். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் மக்காவிலிருந்து கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து சொந்தக்காரர்களுக்குப் பங்கு வைப்பார்கள். ஒரு சாண் நீளம், சுண்டுவிரல் பருமன். முனையில் தோலைச் சீவி, கடித்து, தும்பாகும் வரை மென்றால்தான் பல் துலக்கலாம். உறைப்பும் மண்வாசமுமாக ஒரு ருசி. தொழுகைக்கு முன்னால் வாப்பா அதை வைத்துத் துலக்கும்போது அவர் முகத்தில் ஒரு அமைதி வரும். பெண்களும் பிள்ளைகளும் உமிக்கரியும் உப்பும் வைத்துச் சமாளித்துக்கொண்டோம்.

ராத்தாவைப் பெண் பார்க்க மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் வந்தபோது எனக்கு ஏழு வயது. மாப்பிள்ளை, மருதானையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்து கலந்து கொடுப்பவர். அன்று பார்த்து ராத்தாவுக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. கன்னம் லேசாக வீங்கியிருந்தது. முக்காட்டை அந்தப் பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். வந்தவர்கள் வற்புறுத்தியதால் ஒரு வாய் வட்டிலப்பம் சாப்பிட்டாள். இனிப்பு பல்லில் பட்டதும் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வெட்கத்தில் அழுகிறாள் என்று உம்மா சமாளித்தார். மாப்பிள்ளையின் உம்மா அதற்குத் தலையாட்டினார். ஆனால் கெட்டிக்காரி. பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார்.

சில நாட்கள் கழித்து, சம்பந்தம் பேசிய தரகர் மாப்பிள்ளை கொடுத்தனுப்பியதாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். உம்மா பட்டுத்துணியை எதிர்பார்த்தார். அத்தராக இருக்குமென்று நான் நினைத்தேன். பிரித்தால் ஒரு தகர டப்பாவில் ரோஜா நிறப் பற்பொடி. கூடவே ஓர் அட்டைப்பெட்டியில், எலும்பைப் போன்ற வெள்ளைக் கைப்பிடியோடு ஒரு பிரஷ்.

உம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இதென்ன இது? எங்கட புள்ள பல்லு வெளக்காதவள் எண்டா செல்றாங்க?"

வாப்பா டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். இரண்டு தும்மல் போட்டார். "புள்ளக்கி வலி எண்டு கேள்விப்பட்டு அனுப்பீக்கார். நல்ல மனுசன். உள்ள கொண்டுபோய் வெய்ங்க," என்றார். உம்மா அதை அலுமாரியின் அடித்தட்டில், யார் கண்ணிலும் படாதபடி வைத்துப் பூட்டினார். சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார்.

நானும் ராத்தாவும் ஒரே பாயில் படுப்பவர்கள். மறுநாள் சுபஹு தொழுகைக்குப் பிறகு அவள் மெல்ல எழுந்துபோவதைப் பார்த்துப் பின்னாலேயே போனேன். பைப்படியில் நின்று அந்தப் பிரஷ்ஷால் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் ரோஜா நிற நுரை. என்னைக் கண்டதும் விரலை உதட்டில் வைத்தாள். எனக்கும் ஒருதரம் தரும்படி கெஞ்சினேன், தரவில்லை. பற்பொடியில் மட்டும் ஒரு சிட்டிகை கிடைத்தது. அதன் பிறகு ஒவ்வொரு காலையும் அப்படித்தான். துலக்கி முடித்ததும் உடைந்த கண்ணாடித் துண்டில் தன் பல்லைத் தானே பார்த்துச் சிரித்துக்கொள்வாள். வீக்கம் வடிந்தது பொடியாலா, சந்தோஷத்தாலா, தெரியாது.

பெரிய மாமா உம்மாவின் மூத்த சகோதரர். கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகப் பண்டகசாலையில் வேலை. கப்பலில் வரும் பெட்டிகளின் மேல் உள்ள இங்கிலீஷ் எழுத்தையெல்லாம் வாசிப்பார் என்பதால், எங்கள் குடும்பத்தில் படிப்பு என்றால் அவர்தான், மார்க்கம் என்றாலும் அவர்தான். ஒருநாள் வந்தவரிடம் உம்மா தன் மனக்குறையைக் கொட்டி, பெட்டியை எடுத்துக் காட்டினார். மாமா கைப்பிடியில் பொறித்திருந்ததை வாசித்தார். ஒரு சொல்லுக்கு மட்டும் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் பழக்கமும் அவருக்கு இல்லை. பேசாமல் போய்விட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் வேலை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல்படியைத் தாண்டவில்லை. அங்கே நின்றபடியே, "அந்தச் சாமானத் தொட்டது ஆரெல்லாம்?" என்று கேட்டார்.

அந்தச் சொல்லைப் பற்றி அவர் தன்னுடைய துரையிடம் விசாரித்திருக்கிறார். துரை பெருமையோடு விளக்கினாராம்: அது சீன தேசத்திலிருந்து கப்பலில் வருகிற முதல்தரமான முடி, அந்த மிருகத்தின் முதுகில்தான் அப்படி விறைப்பாக வளரும், வேறெந்த மிருகத்திலும் கிடைக்காது என்று. எந்த மிருகம் என்று மாமா பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. உம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எந்த மிருகம்?" என்று கேட்டதற்கு எனக்குத் தொடையில் ஒரு கிள்ளு கிடைத்தது. பூனையாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. அந்த மிருகத்தின் அசுத்தம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால். மாமா பள்ளிவாசல் முற்றத்திலிருந்து சுத்தமான மண் கொண்டுவரச் செய்தார். அலுமாரித் தட்டைக் கழுவினார்கள். உம்மா கைகளைக் கழுவினார். வாப்பா, தான் தும்மியதற்கும் கழுவ வேண்டுமா என்று கேட்டார்; மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. பிரஷ் பெட்டியை அடுப்புக் குறட்டால் தூக்கிக் காகிதத்தில் சுற்றினார்கள். தரகரை அழைத்து, காரணத்தையும் சொல்லி அதைத் திருப்பிக் கொடுக்கும்படியும், இந்தப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று சொல்லும்படியும் மாமா அனுப்பிவைத்தார். வாப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா அவரைப் பார்த்த பார்வையில் அது உள்ளேயே போய்விட்டது.

பிரஷ் ஒருநாளும் வாய்க்குள் போகவில்லை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். உண்மை தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். பெரியவர்கள் முன்னறையில் இருந்த நேரம், ராத்தா மிச்சமிருந்த மண்ணைக் கோப்பையில் கரைத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள். நான் தண்ணீர் ஊற்றினேன். அவள் வாய்க்குள் விட்டுக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். மண்ணால் கொப்பளித்தபோது அவளுக்குக் குமட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய் அசுத்தமானதற்காக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இனிச் சுத்தம்தானே ராத்தா, ஏன் அழுற?" என்றேன்.

"ஒனக்கு வெளங்காது. ஊத்து," என்றாள்.

மாமாவைக் கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல முடியாது. ராத்தா பிறந்தபோது காதில் பாங்கு சொன்னவர் அவர். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார் என்று பிற்பாடு மாமி சொன்னார்.

மறுநாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு இளைஞர் எங்கள் வாசலில் வந்து நின்று ஸலாம் சொன்னார். மெலிந்த உடம்பு, துருக்கித் தொப்பி, டிராமில் நெரிபட்டுக் கசங்கிய கோட்டு. நிக்காஹுக்கு முன்னால் மாப்பிள்ளை தனியாகப் பெண் வீட்டுக்கு வருவது அந்த நாளில் கேள்விப்படாத காரியம். வாப்பா அவரை உட்காரச் சொன்னார். மாமாவுக்கு ஆள் போயிற்று. அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். உள்ளறைக்கும் முன்னறைக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் உம்மாவும் ராத்தாவும். ஏழு வயதுக்காரிக்குத் திரை கிடையாது என்பதால் நான் வாப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. "மாமா, சத்தியமா எனக்குத் தெரியா. நானும் ரெண்டு வருஷமா அதத்தான் பாவிச்ச," என்றார்.

மாமா, "அஸ்தஃபிருல்லாஹ்," என்றார்.

"எங்கட வாப்பாக்கும் ஒண்டு வாங்கிக் குடுத்தீக்கிறேன். அவர் ஹஜ் செஞ்ச ஆள். எங்கட பள்ளியில தொழவெக்கிற லெப்பைக்கும் ஒண்டு."

வாப்பா மேல்கூரையைப் பார்த்தார்.

"நேத்து எல்லாரும் மண்ணப் போட்டுக் கொப்புளிச்ச. எங்கட வீட்டு முத்தத்தில மண்ணே இல்ல இப்ப. லெப்பை செல்றார், தெரியாமச் செஞ்சதுக்குக் குத்தமில்ல, கழுவிட்டு வேலயப் பாருங்கோ எண்டு."

அப்போது திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது. யாரோ உடனே வாயைப் பொத்தினார்கள். பொத்திய கைக்குள்ளிருந்தும் அது கசிந்துகொண்டே இருந்தது. பல்வலி வந்த நாளிலிருந்து ராத்தா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். காதுகள் சிவந்திருந்தன.

மாமா கொஞ்சம் செருமிவிட்டு, இனிமேலாவது மிஸ்வாக்கைப் பாவிக்கும்படியும், அதைப் பிடித்திருந்தால் பல்லில் ஒரு வியாதியும் அண்டாது என்றும் சொன்னார்.

"இன்ஷா அல்லாஹ். பல்லுக்கும் ஈறுக்கும் அது நல்லதுதான், மாமா. ஆனா ஏற்கெனவே ஓட்ட விழுந்த பல்லுக்குப் பிரஷ்ஷாலயும் ஏலா, மிஸ்வாக்காலயும் ஏலா. கழட்டத்தான் வேணும். அதுவரைக்கும் கராம்பெண்ணெய் கொண்டுவந்தீக்கிறேன்," என்று கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். மாமா அந்தப் போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாப்பாவைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார். அவ்வளவுதான், கல்யாணம் மீண்டும் உயிர்பெற்றுவிட்டது.

வாப்பா சந்தோஷத்தில் என்னிடம் திரும்பி, "உள்ள போய் மாப்புளக்கிப் புது மிஸ்வாக்கு ஒண்டு எடுத்துட்டு வாங்க புள்ள," என்றார்.

நான் எடுத்துக்கொண்டு திரும்பும்போது ராத்தா வழிமறித்துக் குச்சியைப் பறித்தாள். உம்மா தேத்தண்ணீர் போட அடுப்படிக்குப் போயிருந்தார். ராத்தா முனையைப் பல்லால் கடித்துத் தோலை உரித்தாள். வலியில்லாத பக்கத்தில் வைத்து மென்றாள். தும்பு பஞ்சாகும்வரை மென்று, அதைப் பார்த்து, என் கையில் திருப்பித் தந்தாள்.

"குடு. ஒண்டும் செல்லாத."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருவர் வாயில் வைத்ததை இன்னொருவர் வைப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். முந்திய நாள்தான் வாய்ச்சுத்தத்துக்காக வீட்டையே கவிழ்த்துப்போட்டிருந்தார்கள். பாவம், நல்ல மனிதர், அவருக்குப் போய் எச்சில் குச்சியா? ஆனாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மாப்பிள்ளை அதன் முனையைப் பார்த்தார். ஈரமாக இருந்தது. திரையைப் பார்த்தார். கழுவத் தண்ணீர் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பிஸ்மி சொல்லி அங்கேயே பல்லில் வைத்தார். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ், ஸுன்னத்தான காரியம்," என்றார்.

நபிகள் நாயகத்தின் கடைசி நேரத்தில் அவரது மனைவி ஆயிஷா நாயகி அவர்கள் ஒரு மிஸ்வாக்கைத் தம் பல்லால் மென்று மிருதுவாக்கிக் கொடுத்த செய்தியைப் பல வருடங்கள் கழித்துப் பெண்களுக்கான ஒரு மார்க்கப் பயானில்தான் கேட்டேன். ராத்தா அதை முன்பே கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளையும்தான்.

கல்யாணத்தன்று அதையெல்லாம் அறியாமல் நான் புதுச்சட்டையோடு ஓடித் திரிந்தேன். மாப்பிள்ளை, ஆண்கள் கூட்டத்தின் நடுவே ஜரிகைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தவர், என்னைக் கண்டு கைகாட்டிக் கூப்பிட்டார். பக்கத்தில் இருத்திக்கொண்டு காதுக்குள் கேட்டார்: "அண்டைக்கி அந்த மிஸ்வாக்க மெண்டு தந்தது ஆரு, தங்கச்சி?"

விஷயம் பிடிபட்டுவிட்டது. ராத்தாவுக்கு ஏச்சு விழப்போகிறது, அதுவும் கல்யாண நாளில். நான் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நான்தான்," என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "வாயத் தொறங்க, பாப்பம்," என்றார். திறந்தேன். அந்த வருடம் என் பால்பற்கள் கொத்தாக விழுந்துகொண்டிருந்தன. முன்னால் மேலும் கீழும் ஈறுதான். மெதுவான இடியப்பத்தையே நான் பாலில் ஊறவைத்துத்தான் தின்றுகொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை சிரித்தார். தோள் குலுங்கி, துருக்கித் தொப்பி சரிந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சபையே திரும்பிப் பார்த்தது. பெரிய மாமா பதறிக்கொண்டு ஓடிவந்து என்னவென்று கேட்டார். "ஒண்டுமில்ல மாமா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவளை ஏசாமல் ஒரு மனிதர் ஏன் இப்படிச் சிரிக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அழகாகப் பொய் சொல்லி ராத்தாவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நம்பிக்கையில், அவர் பக்கத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.