மீசை எடுத்த மாதம்

நான் முதன்முதலாக அந்த மூச்சு மெஷினோடு ஹாலுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படுக்கும்போது மட்டும் மாட்டினால் பழகாது, பகலிலும் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு கையில் மெஷின், முகத்தில் மாஸ்க், நடுவில் தொங்கும் குழாய். சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, யானை மாதிரியே இருக்கீங்க லா!"

பெரியவன் சிரிக்கவில்லை. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சிரித்தது பரவாயில்லை. கதவைச் சாத்தியதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதனால்தான் உங்களிடம் அப்போது சொல்லாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் மில்லுக்குப் போகும் வழியில் என் லாரி கால்வாயில் இறங்கியது உங்களுக்குத் தெரியும். பட்டப்பகல், காய்ந்த ரோடு, எதிரே ஒரு மோட்டார்சைக்கிள்கூட இல்லை. நான் தூங்கிவிட்டேன், அவ்வளவுதான். யாருக்கும் அடி இல்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்துவிட்டு, தூக்கத்தில் எனக்கு அடிக்கடி மூச்சு நின்று போகிறது, அதனால் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லை என்றார்கள். மெஷினை இரவல் கொடுத்தார்கள். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுக்கும்வரை லாரியில் ஏறக்கூடாது என்று தோட்டத்து மேனேஜர் சொல்லிவிட்டார். அதுவரை உர ஸ்டோரில் மூட்டை அடுக்கும் வேலை. நான் அந்த மெஷினோடு மல்லுக்கட்டியது முழுக்க லாரிக்காகத்தான்.

அது என்ன செய்யும் என்று கேட்டால், இடைவிடாமல் மூக்குக்குள் காற்றை ஊதும். ஓடுகிற லாரியின் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு தூங்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே வருகிற காற்றை மீறி மூச்சை வெளியே விடுவதற்கே தனியாக ஒரு பலம் வேண்டும். பாதி காற்று வயிற்றுக்குள் போய்விடும். காலையில் வயிறு உப்பி, ஏப்பம் ஏப்பமாக வரும். வாய் காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாஸ்க் வாரை இறுக்கினால் மூக்குத்தண்டில் தோல் உரிந்தது. தளர்த்தினால் காற்று கண்ணுக்குள் அடித்தது. திடீரென்று தண்ணீருக்குள் யாரோ அமுக்குவது போல பயம் வரும். பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்துகொள்வேன்.

உரிந்த தோலுக்கு என்ன செய்வது? நம் வீட்டில் தலைவலி, வயிற்றுவலி, கொசுக்கடி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதானே? தைலத்தை எடுத்து மூக்கு முழுக்கத் தடவிக்கொண்டு மாஸ்க்கை மாட்டி சுவிட்சைத் தட்டினேன். மெஷின் அந்தத் தைலக் காற்றை அப்படியே மூக்குக்கும் கண்ணுக்கும் ஊதியது. குளியலறைக்கு ஓடி முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். "மிளகாத்தூள்ல மூஞ்சிய வச்ச மாதிரி நிக்கிறீங்களே" என்றாள் உங்கள் அம்மா. பிறகு மாஸ்க்கை சவுக்காரம் போட்டு எத்தனை முறை தேய்த்தும் அந்த வாடை போகவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். சின்ன வயதுப் பெண், நம் தமிழ் ஆள்.

"அங்கிள், காத்து எங்க போகுதுன்னு தெரியுமா? உங்க மீச வழியாப் போகுது. மாஸ்க் ஒட்ட மாட்டேங்குது. அதான் நீங்க வார இறுக்குறீங்க, தோல் உரியுது."

"கொஞ்சம் கத்தரிச்சிக்கிறேம்மா."

"கத்தரிச்சா இன்னும் குத்தும். சுத்தமா எடுத்துப் பாருங்களேன்."

நான் சிரித்து வைத்தேன். கூட வந்திருந்த உங்கள் அம்மா சிரிக்கவில்லை.

உங்களுக்கு அது ஏன் என்று தெரியாது. நம்மில் ஒரு ஆண் மீசையை முழுசாக எடுப்பது பெற்றவர்களுக்குக் காரியம் செய்யும் நாளில்தான். உங்கள் பாட்டி செத்தபோது என் தம்பி எடுத்தான், தாய்க்கு இளைய மகன். தாத்தாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்தவனான நான். தாத்தா லுக்குட் டவுனில் தம்பி வீட்டில் உயிரோடு நன்றாகத்தான் இருந்தார்.

பல நாள் யோசித்தேன். உர ஸ்டோரில் மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நானே பிளேடை எடுத்து மழித்துவிட்டேன். கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்.

திங்கட்கிழமை காலை, வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனேன். பேச்சு நின்றது. ஒருத்தர் தொப்பியைக் கழற்றினார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார்.

"பெரியவரா? சொல்லவே இல்லயே லா. எத்தன மணிக்கு எடுக்கிறாங்க?"

"யாரும் சாகலண்ணே. மெஷின் மாஸ்க் ஒட்டலன்னு எடுத்தேன்."

"மெஷினுக்கா? மெஷினுக்கு எவன்யா மீசய எடுப்பான்?"

பின்னால் யாரோ, "லாரிதான் செத்துப்போச்சு, அதுக்குக் காரியம் பண்ணிருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் நான் பதில் சொல்லும் முன்பே யாரோ தம்பிக்குப் போன் அடித்துத் துக்கம் விசாரித்துவிட்டார்கள். அந்த மடையன் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான். பக்கத்தில் தாத்தா பசியாறிக்கொண்டிருந்தார்.

அன்று மாலையே லுக்குட்டுக்குப் போனோம். உங்கள் அம்மாதான் காரை ஓட்டினாள். தாத்தா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார்.

"என்ன, என்னய எடுத்தாச்சா?"

"இல்லப்பா, டாக்டரு…"

"கொள்ளி வைக்கிற அன்னைக்கி எதடா எடுப்ப?"

"வளந்துரும்பா."

"அதுக்குள்ள நான் போய்ட்டா?"

அவர் மெல்ல எழுந்து உள்ளே போனார். தம்பி மனைவி கொண்டுவந்த தேத்தண்ணீர் என் கையிலேயே ஆறிப்போனது.

மீசை போனதும் மாஸ்க் ஒட்டியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. வாரைத் தளர்த்த முடிந்தது, மூக்குப் புண் ஆறிக் கருப்புத் தழும்பானது. பகலில் கண் சொருகுவது குறைந்தது. வயிறு உப்புவதும் வாய் காய்வதும் மட்டும் அப்படியே இருந்தன.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றே நம்பியிருந்தேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். அவர் மெஷினில் பதிவானதைக் கம்ப்யூட்டரில் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கீங்க அங்கிள். ஆனா விடிகாலையில தெனமும் கழட்டிப் போட்டுர்றீங்க. உங்களுக்கே தெரியுதா?"

தெரியாது. தூக்கத்திலேயே என் கை அதைச் செய்திருக்கிறது.

"பெரிய லாரி அங்கிள். இப்ப என்னால எழுதித் தர முடியாது. இன்னும் கொஞ்ச மாசம் பாப்போம்."

தோட்டத்துக்குத் திரும்பியதும் நேராக ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதும் கிராணியிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர், என் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார்.

"மேனேஜர் இனிமே காத்திருக்க முடியாதுன்னுட்டாருண்ணே. லாரிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சு. உங்களுக்கு ஸ்டோருதான், நெரந்தரமா."

"சரி" என்று மட்டும் சொன்னேன்.

அன்று இரவு மெஷினை நான் தொடவில்லை. லாரியே போன பிறகு இந்த வேதனை எதற்கு என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். மூச்சு முட்டி விழித்துக்கொண்டபோது உங்கள் அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தூங்கலயா?"

"நீங்க மூச்சு விடுறீங்களான்னு பாக்க வேணாமா? இத்தன வருசமும் இப்படித்தான உக்காந்திருந்தேன். நின்னு போனா தட்டி எழுப்புவேன். நீங்க பெரண்டு படுத்துக்குவீங்க."

எனக்குத் தெரியாது என்றேன்.

"இந்த மெஷின் வந்தப்புறந்தான் நான் தூங்க ஆரம்பிச்சேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன குரல்.

எழுந்து மாஸ்க்கை மாட்டினேன். காற்று எப்போதும் போல் முகத்தில் அடித்தது, வயிற்றுக்குள்ளும் போனது. விடிகாலையில் அதைக் கழற்றிப் போடும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவள் படுத்துக் கொஞ்ச நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தாள்.