பம்பாயிலிருந்து ஆகாய வழி

அன்று மந்தைவெளி வீட்டில் இருந்தவர்கள்: நான், அம்மாவின் தம்பியான என் மாமா, அவர் மனைவியான அத்தை, கீழ் போர்ஷன் அக்கா, கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தப்பட்டிருந்த அம்மா. விடிவதற்குள் போய்விட்டாள். அண்ணன் பம்பாயில் ஒரு லேத் பட்டறையில் இருந்தான். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டபோது, முதலாளியிடம் கடன் வாங்கிப் பிளேனில் வந்துவிடுவதாகச் சொன்னான். "நான் மூஞ்சியப் பாக்காம எடுத்துடாதீங்கடா."

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் பிளேன் ஏறியதில்லை. மாமாவுக்கு தி.நகரில் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. எந்தச் சரக்கு எப்போது போய்ச் சேரும் என்பதைக் கிலோமீட்டரை வைத்தே சொல்லிவிடுவார். அன்றும் அப்படித்தான். ரோட்டு வழி ஆயிரத்து முந்நூறு சொச்சம், ஆகாயத்தில் நேர்க்கோடு, ஆயிரம்தான் வரும், இரண்டு மணி நேரம்கூட ஆகாது என்றார். நாலு மணிக்கு எடுப்பதாகச் சுடுகாட்டுக்கும் சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு? டிக்கெட் கிடைக்காவிட்டால்? பட்டறை எங்கே, ஏர்போர்ட் எங்கே? கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"இன்னாடா நொய்நொய்னு? பிளேன் இன்னா டவுன் பஸ்ஸா, ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நின்னுகினு வர்றதுக்கு?" என்றார் மாமா.

நாலு மணி தாண்டியும் அண்ணன் வரவில்லை. அன்று வெள்ளிக்கிழமை. இருட்டிவிட்டால் எரிக்க மாட்டார்கள், விடிந்தால் சனி. சனிப் பிணம் தனியாகப் போகாது, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போகும் என்பார்கள்.

"பாடையில ஒரு கோழியக் கட்டிக்கினு காலைல எடுக்கலாம் மாமா."

"கோழியக் கட்னா ஆச்சா? உங்க அத்தைக்கு ஆஸ்துமா கீது. எதுனா ஆச்சுன்னா நீ பதில் சொல்றியா?"

கீழ் போர்ஷன் அக்காதான் சொன்னாள்: "தாய்க்குச் சின்னவன்தான் கொள்ளி வெக்கணும். அவன் இங்கதான கீறான்."

எடுத்துவிட்டோம். நான் கொள்ளி வைத்துத் திரும்பும்போது மீனம்பாக்கம் பக்கமாக ஒரு பிளேன் தாழப் போனது. அண்ணாந்து பார்த்தேன். மாமா தலை தூக்கவில்லை.

அண்ணன் வந்தபோது கழுவிவிட்ட கூடம் ஈரமாக இருந்தது. காலையிலிருந்து ஏர்போர்ட்டில் காத்துக் கிடந்து, மாலைப் பிளேனில்தான் இடம் கிடைத்ததாம்.

"ரெண்டு மணி நேரம்தான்னு..." என்று மாமா இழுத்தார்.

"மேல ரெண்டு மணி நேரம்தான் மாமா" என்றான் அண்ணன்.

பிறகு என்னிடம் மட்டும் சொன்னான்: "எறங்கறப்போ ஜன்னல்ல பாத்தேன்டா. கீழ ஒரு எடத்துல பொகை வந்துகினு இருந்துச்சு. எவனோ குப்பை கொளுத்துறான்னு நெனச்சேன்."

அது வேறு ஏதோ புகையாகவும் இருக்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. இன்றும் தலைக்கு மேல் பிளேன் போனால், கீழே எங்காவது புகைகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

காரியம் முடிந்து அண்ணன் கிளம்பும்போது, டிக்கெட் கடனில் பாதி நான் தருகிறேன் என்றேன். "பாக்காத மூஞ்சிக்கு ரெண்டு பேரு எதுக்குடா துட்டு கட்டணும்?" என்றான். அப்புறம் ஊருக்கு வரவேயில்லை. மாதம் ஒருமுறை கீழ் போர்ஷனுக்குப் போன் செய்வான். நல்லாயிருக்கியா என்று கேட்க மாட்டான். சம்பளத்தில் பிடித்தது போகக் கடனில் மீதி எவ்வளவு என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

ஒரு மாதம் போன் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. பட்டறைக்குக் கூப்பிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம். எங்கே என்று முதலாளிக்கும் தெரியவில்லை. அவன் பேரில் அவர் எழுதி வைத்திருந்த டிக்கெட் கடனில் மட்டும் இன்னும் ஆயிரத்து நானூறு ரூபாய் பாக்கி.