மழைச்சோறும் நாலு கல் உப்பும்

மழை வேண்டும் என்று முழுமனதாகக் கேட்க எனக்கு இந்த வயதிலும் வராது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. அப்பா வீடு கரிசல்காடு, அம்மா வீடு உப்பளம். இரண்டு வீடும் வானத்தைப் பார்த்தே பிழைத்தவை. கேட்டது மட்டும் வேறு வேறு. கோவில்பட்டியில் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கொடியில் போட்ட துணி மேற்கே பார்த்துப் பறக்க ஆரம்பித்தால், காற்று திரும்பிவிட்டது என்று தெரியும். இன்றைக்கும் அதைப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் விளாத்திகுளம் போகிற வழியில். ஆனியில் மேற்கே இருந்து கிளம்புகிற மேல்காற்று ஆவணி கழிந்தும் ஓயாது. சோற்றில் மண், கண்ணில் மண், துவைத்த பாவாடையில் மண். அது ஓய்ந்து கிழக்கே இருந்து கொண்டல் காற்று திரும்ப வேண்டும். அதோடுதான் மழை வரும். ஊரோரத்தில் ஒரு காற்றாலை நின்றது. காற்று வருகிற பக்கம் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்பா காலையில் பல் துலக்கும்போதே அதைத்தான் பார்ப்பார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். அந்த வருஷம் மழையை நம்பிப் புழுதியிலேயே பருத்தியும் உளுந்தும் விதைத்திருந்தார். புரட்டாசி முடியப்போகிறது, விதையை எறும்பு இழுத்துக்கொண்டிருக்கிறது, காற்றாலை மேற்கேதான் பார்த்துக்கொண்டு நின்றது.

அந்த நேரத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. குளத்தூர்ப் பக்கத்து உப்பளத்தில் அதுவரை கூலிக்கு உப்பு வாரியவர், அந்த வருஷம்தான் முதன்முதலாகத் தானே பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். எப்போதும் போல ஒரு பை கல்லுப்பு கொண்டுவந்தார். அப்பாவும் மாமாவும் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இரண்டு பேர் கண்ணும் காற்றாலை மேல்தான்.

"காத்து இன்னும் மேக்கதான் நிக்குதுல்லா அத்தான்" என்றார் மாமா.

"நிக்குதே மாப்ளே" என்றார் அப்பா.

ஒருவர் நல்ல சேதியாகச் சொன்னதை மற்றவர் இழவுச் சேதி போலச் சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ரொம்ப மரியாதைக்காரர்கள்.

கிளம்பும்போது மாமா அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம் மட்டும் சொன்னார். "வெளைஞ்ச உப்பு பூரா பாத்தியிலயே கெடக்குக்கா. வாருததுக்கு ஆள் கெடைக்கல. இன்னும் ஒரு எட்டு நாளு இந்தக் காத்து நின்னாப் போதும், குமிச்சு ஓலையப் போட்டு மூடிருவேன். நடுவுல மழை விழுந்துச்சுன்னா அம்புட்டும் தண்ணியாப் போயிரும்."

"ஒண்ணும் ஆவாது, போ" என்றாள் அம்மா.

மறுநாளே அத்தை மழைச்சோறு எடுக்க ஏற்பாடு செய்துவிட்டாள். அத்தை அப்பாவின் அக்கா, எங்கள் வீட்டோடு இருந்தவள். மழைக்கு மனுப் போடுகிற அதிகாரம் தன் கையில் இருப்பதாக அவளுக்கு நினைப்பு. வீட்டுக்கு வீடு உப்புப் போடாமல் சோறு பொங்க வேண்டும். பெண்கள் எல்லாவற்றையும் ஒரே பானையில் சேர்த்து, ஊர் எல்லையில் சாமிக்குக் காட்டிவிட்டுத் தின்ன வேண்டும். உப்புக்குக்கூட வழியில்லாமல் தின்கிறார்களே என்று சாமிக்கு இரக்கம் வருமாம். ஒரு கல் உப்பு பட்டாலும் வருகிற மழை விலகிவிடும் என்பது அத்தையின் சட்டம். அன்றைக்கு உப்பைத் தொடவே கூடாது என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

உப்புக் குறைந்தாலே நான் தட்டைத் தள்ளிவிடுகிறவள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். சோறு வெந்து இறக்கியதும் அம்மா வாசலை எட்டிப் பார்த்தாள். மாமா கொண்டுவந்த பைக்குள் கைவிட்டு நாலு கல்லை எடுத்தாள். சோற்றில் போட்டுக் கிண்டினாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"யார்ட்டயும் சொல்லிராதட்டி."

எனக்காக என் அம்மா அத்தையையும் சாமியையும் சேர்த்து ஏமாற்றுகிறாள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் வாயே திறக்கவில்லை.

சோறு தின்ற பிறகு, இனி இந்த ஊரில் பிழைக்க முடியாது என்று ஊரைவிட்டுப் போவதுபோல் பெண்கள் பானையைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடக்க வேண்டும். ஆண்கள் பின்னால் வந்து, மழை பெய்யும், திரும்பி வாங்க என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். அம்மா மட்டும் குளத்தூர் பஸ் போகிற திசையில் நடந்துகொண்டே இருந்தாள். அப்பா ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். காற்று இரைச்சலில் கேட்கவில்லை என்றாள். காற்றோ அப்பா நின்ற பக்கமிருந்துதான் அடித்தது.

இரண்டு நாள்தான் போயிருக்கும். காலையில் காற்றாலை கிழக்கே திரும்பி நின்றது. மதியம் கறுத்தது, சாயங்காலம் ஊற்றியது. அப்பா முற்றத்தில் நின்று சின்னப் பிள்ளை மாதிரி நனைந்தார். அத்தை சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தான் எடுத்த மழைச்சோற்றின் மகிமையைத் தெருவில் சொல்லப் போய்விட்டாள். அம்மா அடுப்படியில் செல்போனைக் காதில் வைத்தபடி நின்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மாமா எடுக்கவில்லை.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தார். அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "ஒந் தம்பி உப்ப வாரியிருப்பாம்லா?" என்றார்.

"வாரியிருப்பான்" என்றாள் அம்மா. அவருக்கு அது போதும். காப்பி கேட்டார்.

அம்மா கண்ணில் தண்ணீர் நின்றது. உப்புப் போட்டது அத்தைக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாள் என நினைத்தேன். பாவமாக இருந்தது. சேலையைப் பிடித்து இழுத்து, குனிய வைத்து, காதுக்குள் சொன்னேன்: "நீ உப்புப் போட்டத சாமி கண்டுக்கிடவே இல்லம்மா. மழை பெஞ்சிட்டுல்லா."

அம்மா செல்போனைக் கீழே வைத்தாள். "ஆமாட்டி. கண்டுக்கிடல" என்றாள். பிறகு காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அம்மாவின் கவலையைத் தீர்த்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நான் மழையில் குதிக்க ஓடினேன்.