அத்தை வீட்டுப் படகு எஞ்சின்

மேனாம்பேட்டில் எங்கள் தெருவுக்குக் கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்படிப்பட்ட தெருவில், ஒரு கோடை விடுமுறையில், குட்டியானை வண்டியிலிருந்து படகு எஞ்சின் ஒன்று இறங்கியது. கூடவே அத்தையும் மாமாவும் இறங்கினார்கள்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. பழவேற்காட்டில் படகு வைத்திருக்கும் மாமாவை, அப்பாவைக் கேட்காமலே கட்டிக்கொண்டாள். அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது; அத்தையை நான் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். இந்த ஏற்பாடு முழுக்க அம்மாவுடையது. படகைக் கரையேற்றி ஓட்டை அடைக்கிறார்கள், எஞ்சின் சும்மா கிடக்கிறது, உப்புக் காற்றில் பெயின்ட் உரிந்துவிட்டது என்று போனில் தெரிந்துகொண்டு, "பெயின்டரை ஊட்ல வச்சிகினு வெளிய எதுக்குக் குடுக்கணும்?" என்று அப்பா காதில் விழும்படி சொல்லியிருக்கிறாள். எஞ்சின் வரட்டும் என்றாராம் அப்பா. ஆட்கள் வரலாம் என்று அவர் சொல்லவில்லை. வரக்கூடாது என்றும் சொல்லவில்லை.

அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்பிரே பெயின்டர். அவர் அடித்தால் அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று தெரு முழுக்கப் பீற்றி வைத்திருந்தேன். அதனால் வாசலில் ஒரே கூட்டம். அப்பா லீவு போட்டுவிட்டு, கட்டைச் சட்டத்தில் எஞ்சினை மாட்டி, உப்புத்தாளால் தேய்த்து, ப்ரைமர் பூசி, வாடகைக் கம்ப்ரெஸரில் நீலம் அடித்தார். அடடா, என்ன பளபளப்பு! காய்ந்ததும் கிளம்ப வேண்டியதுதான் என்று அத்தை பையைக் கட்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் அப்பா எஞ்சினை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தூசி ஒட்டிகினு கீது" என்று எஞ்சினிடமே சொல்லிவிட்டு, உப்புத்தாளை எடுத்து அத்தனையையும் தேய்க்க ஆரம்பித்தார். நான் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். ஒரு தூசியும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்று மாமா இழுக்க, அம்மா அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டாள். அத்தை பையைப் பிரித்தாள். மத்தியானம் மீன் குழம்பு வைத்தாள்.

அடுத்த தடவை அடித்ததில் ஷேடு சரியில்லையாம். மறுபடியும் உப்புத்தாள். என் மானமே போயிற்று. உங்கப்பாவுக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியுமா, சுரண்ட மட்டும்தான் தெரியுமா என்று பசங்கள் கேட்க, நான் சண்டைக்குப் போனேன். அன்று சாப்பிடும்போது அப்பா தலையை நிமிர்த்தாமல், "இன்னும் கொஞ்சம் கொயம்பு ஊத்து" என்றார். அம்மா பக்கத்திலேயே இருந்தாள். அவர் தட்டை நீட்டியதோ அத்தையிடம். அத்தை கரண்டி வழிய வழிய அள்ளி ஊற்றியதில் குழம்பு தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சிந்தியிருந்தால் நடந்திருப்பதே வேறு.

அதற்கப்புறம் அடித்த பெயின்டை அப்பா சுரண்டவில்லை. கிளம்பும் முன் எஞ்சினை ஓட்டிப் பார்க்க வேண்டும்; தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் சூடேறிக் கெட்டுவிடுமாம். மாமா ஒரு டிரம்மில் தண்ணீர் நிரப்பி, எஞ்சினின் அடிப்பாகத்தை அதில் இறக்கிக் கயிற்றை இழுத்தார். அவ்வளவுதான், டிரம் பொங்கி எங்கள் மேலும் எதிர்வீட்டு வடாகத்தின் மேலும் கொட்டியது. சண்டைக்கு வந்த எதிர்வீட்டு அக்காவும் தொப்பலாக நனைந்து சிரித்துவிட்டார். அப்பா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எஞ்சினை வண்டியில் ஏற்றியதும் அப்பா மாமாவின் பக்கத்தில் போனார். அதுவரை மாமாவை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடாதவர், "மாப்ளே" என்றார். "உப்புத் தண்ணிக்கு இந்த பெயின்ட்டு தாங்காது. அடுத்த வருசமும் எடுத்துகினு வா. அவளையும் இட்டுகினு வா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாங்காத பெயின்டை அடித்ததுமில்லாமல், அதைத் தெருவில் நின்று சொல்கிறாரே! ஓடிப்போய், அடுத்த தடவை வேறு நல்ல பெயின்டராகப் பார்த்துக் கொடு என்று அத்தையின் காதில் சொன்னேன்.

அத்தை அழுகையும் சிரிப்புமாக என் கன்னத்தைக் கிள்ளினாள். "எனக்கு இந்த பெயின்டர்தான்டி வேணும்" என்றாள்.

பாவம், அத்தைக்கு விவரம் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.