முதலில் மன்னிப்பு

வேலை போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னும் எல்லோரும் அவளைப் புகாரக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஃப்ரிட்ஜ் விற்கும் கம்பெனி ஒன்றில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் புகாரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். யார் கூப்பிட்டாலும், எதற்குக் கூப்பிட்டாலும் முதலில் மன்னிப்பு, அப்புறம்தான் விஷயம். பிளக்கைச் சொருகாமலே "ஓடமாட்டேங்குது" என்று கத்தியவருக்கும் மன்னிப்பு. ராங் நம்பர் போட்டுவிட்டு அதற்கும் சேர்த்துத் திட்டியவருக்கும் மன்னிப்பு. தப்பு யாருடையது என்று யோசித்துக்கொண்டிருந்தால் அங்கே பிழைக்க முடியாது. சேர்ந்த புதிதில் அக்காவுக்கு நாக்குக் கூசியது. போகப்போக மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு மத்தியானம் அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். இனிமேல் புகாரை மிஷினே கேட்டுக்கொள்ளுமாம்.

அன்றைக்குப் பிடித்து அக்கா வேலை தேடுகிறாள். கூப்பிடாமல் இல்லை, கூப்பிடுகிறார்கள். உட்காரவைத்துச் சிரித்துப் பேசி, "சொல்லி அனுப்பறோம்" என்கிறார்கள். அதோடு சரி. அத்தி பூத்தாற்போல் எவராவது காரணம் சொன்னால் அது இன்னும் மோசம். ஓர் இடத்தில் அனுபவம் அதிகம் என்றார்கள். அடுத்த வாரமே இன்னோர் இடத்தில் அனுபவம் பத்தாது என்றார்கள்.

"ஒரு வாரத்துல என் அனுபவம் எங்கடி ஆவியாப் போச்சு?" என்று மகளிடம் கேட்டாள் அக்கா.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். போட்டோவில் முகம் தெளிவாக இல்லை, அதுதான் கோளாறு என்றார். போட்டோ மாறியது. கல்லூரியில் படிக்கும் மகள் பயோடேட்டா அனுமார் வால் மாதிரி நீளுகிறது என்று பாதியை வெட்டிப்போட்டாள். நாத்தனார் வந்து பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, இத்தனை வருஷத்துக்கு இத்தனூண்டுதானா?" என்று கேட்டு, வெட்டியதையெல்லாம் மறுபடி ஒட்டவைத்தாள். அக்கா எல்லோர் பேச்சையும் கேட்டாள். பேசிப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. எங்கே தப்பு என்று ஒரே ஓர் ஆள் சொல்லிவிட்டால் போதும், வேலைகூட அப்புறம் கிடைக்கட்டும் என்கிற நிலைக்கு வந்துவிட்டாள்.

பழைய கம்பெனியில் யாரோ தன்னைப் பற்றிப் போட்டுக்கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள் சந்தேகம் தட்டியது. நான் அப்படி என்ன செய்தேன்? எந்தப் போனில் யாரிடம் என்ன உளறினேன்? பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே யோசித்தவள், கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்து, தான் உட்கார்ந்து பேசிய அதே நம்பருக்குப் போட்டாள். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மன்னிக்கவும்" என்றது மிஷின். அதற்கும் அதே பாடம்தான் போல. பிறகு எந்தப் பொருள் பழுது என்று கேட்டது. ஃப்ரிட்ஜுக்கு ஒரு நம்பர், ஏசிக்கு ஒரு நம்பர். ஆளுக்கு நம்பர் இல்லை. ஏதோ ஒன்றை அமுக்கினாள். இத்தனை வருடம் மற்றவர்களைக் காக்கவைத்த அதே இசை காதில் ஓட ஆரம்பித்தது. காது சுடும்வரை கேட்டாள்.

"இதைக் கேட்டுட்டும் மனுஷங்க என்னை அவ்வளவுதான் திட்டினாங்கன்னா, அவங்கள்லாம் தங்கமான மனுஷங்கடி" என்றாள் சாயங்காலம் மகளிடம்.

இரண்டு நாள் கழித்து, அவள் கடைசியாக நேர்முகத்துக்குப் போன பார்சல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பேசியது சின்னப் பெண். புதுசு என்பது குரலிலேயே தெரிந்தது. எழுதிவைத்ததைத் திக்கித் திக்கிப் படித்தது. சாரம் பழைய சாரம்தான், வேலை இல்லை.

"ரொம்ப மன்னிச்சிடும்மா, உனக்கு வீண் சிரமம் குடுத்துட்டேன்" என்றாள் அக்கா.

அந்தப் பக்கம் காகிதத்தை மடித்துவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அன்னிக்கும் நீங்க இதையேதான் சொன்னீங்க" என்றாள்.

"எதை?"

"ஏன் அந்த வேலை போச்சுன்னு சார் கேட்டார்ல, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நீங்க எடுத்ததுமே ‘மன்னிச்சிடுங்க சார்’னீங்க. அப்புறம் என்னமோ விவரம் சொன்னீங்க, அதை யாரும் காதுலயே வாங்கல. நீங்க வெளிய போனதும், ‘இந்தம்மா என்னமோ பண்ணி மாட்டியிருக்கு, நமக்கெதுக்கு வம்பு’ன்னு பேசிக்கிட்டாங்க."

போனை வைத்துவிட்டு அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தேடின காரணம் கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டும். ஆனால் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ஏறி இறங்கின அத்தனை படியிலும் தன் வாயாலேயே தன்மேல் சேற்றை வாரிப் பூசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரமே பூட்டுக் கம்பெனி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் மகள் சாப்பாட்டு மேசையை ஒழித்து, அப்பாவை ஒரு பக்கமும் அம்மாவை எதிர்ப்பக்கமும் உட்காரவைத்தாள். அப்பாதான் மேனேஜர்.

"ஏன் உங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"மன்னி..."

மகள் மேசையைத் தட்டினாள். மறுபடி கேட்டார். மறுபடியும் "மன்னி." மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி அவளையே பார்த்துக்கொண்டு, "சொல்லு. ஏன் அனுப்பினாங்க?" என்று மூன்றாவது தடவை கேட்டார். மேனேஜர் வீட்டுக்காரர் ஆகிவிட்டதை மகள் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தாள்.

"பிரிவையே மூடிட்டாங்க. எல்லாரையும்தான் அனுப்பினாங்க. நான் ஒரு தப்பும் பண்ணல" என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்னங்க, உங்களுக்கு இது தெரியாதா?"

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து கதவத் திறந்ததும் நீ என்ன சொன்ன? ‘மன்னிச்சிடுங்க, வேலை போச்சு’ன்ன. எல்லாரையும் அனுப்பிட்டாங்கன்னு அப்புறம் சொல்லத்தான் சொன்ன. ஏதோ நடந்திருக்கு, மறைக்கிறன்னு நெனச்சேன். கேட்டா நீ நொந்துபோவேன்னு கேக்கல."

ஒரு வருடமாக அவர் துருவித் துருவிக் கேட்காததை அக்கா பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். பெருந்தன்மைதான். செய்யாத தப்பை மன்னித்து, வாயைத் திறக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். கட்டிக்கொள்வதா, கையில் கிடைத்ததைத் தூக்கி அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மகள் இப்போது சிரிக்கவில்லை.

"போதும், எழுந்திரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் அவர்.

அக்கா எழுந்திருக்கவில்லை. நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இல்லங்க, இன்னொரு தடவ கேளுங்க" என்றாள். "எனக்கே இன்னும் நம்பிக்கை வரல."